தி லெஃப்ட் பேங்க் (இசைக்குழு)

தி லெஃப்ட் பேங்க் என்பது 1965 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டு, 1969 வரை மட்டுமே முனைப்புடன் இயங்கிய ஒரு பாப் இசைக்குழு ஆகும். பரோக் பாப் எனப்படும் இசைவகைக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் முதலில் சுட்டப்படும் குழுக்களுள் இதுவும் ஒன்று. "வாக் அவே ரெனே" (1966), "பிரிட்டி பாலரீனா" (1966) ஆகிய இரு பாடல்களும் இக்குழுவின் புகழ்பெற்ற ஆக்கங்கள். குழு தன் முதன்மைக் காலத்தில் வெளியிட்ட இசைத்தொகுப்புகள் இரண்டே. ஆயினும் அவற்றின் ஒலியமைப்பு பிற்கால இசைக்குழுக்களிடம் நீண்ட காலம் செல்வாக்குச் செலுத்தியது.

குழுவின் பெயர் பாரிசு நகரில் சேன் ஆற்றின் இடது கரையை நினைவூட்டுவது. கரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் பழைய எழுத்துமுறையைப் போல ஓர் எழுத்தைக் கூட்டி இப்பெயர் எழுதப்படுகிறது. கூட்டப்பட்ட எழுத்துக்குத் தனி ஒலிப்பு இல்லை.

பின்னணி: பரோக் பாப்

பரோக் இசை என்பது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையான காலத்து ஐரோப்பிய இசையைக் குறிக்கும். பாக், விவால்டி, பர்செல் முதலியோர் இக்காலத்தவர். 1960களின் நடுப்பகுதியில் பாப் இசைக்கலைஞர்கள் சிலர் கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றோடு ஹார்ப்சிகார்ட், வயலின், செல்லோ, ஓபோ, புல்லாங்குழல் போன்ற கருவிகளையும் பயன்படுத்தத் தொடங்கினர். பல குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்தும் குறுக்கிட்டும் செல்லும் அமைப்பையும் கையாண்டனர். இப்போக்கே பரோக் பாப் எனப்பட்டது.

இதனைத் தொடங்கி வைத்தது லெஃப்ட் பேங்க் அன்று. 1965 இல் யார்ட்பேர்ட்சு குழுவின் "ஃபார் யுவர் லவ்" பாடலில் ஹார்ப்சிகார்ட் ஒலித்தது. அதே ஆண்டு பீட்டில்சு குழுவின் "யெஸ்டர்டே" பாடல் நான்கு நரம்பிசைக் கருவிகளின் துணையுடன் வெளிவந்தது. 1966 மே மாதம் பீச் பாய்சு குழுவின் "பெட் சவுண்ட்சு" தொகுப்பு வெளிவந்தது. ஆனால் இக்குழுக்களுக்கு இது பல முயற்சிகளுள் ஒன்று. லெஃப்ட் பேங்கோ முதல் இசைத்தட்டிலிருந்தே இதனைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்தது.

ஹார்ப்சிகார்ட் கருவியின் இயல்பை அறிவது இவ்விசையைப் புரிந்துகொள்ள உதவும். பியானோவில் விசையை அழுத்தினால் சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டுகிறது. மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலியும், வலிந்து அழுத்தினால் உரத்த ஒலியும் பிறக்கும். ஹார்ப்சிகார்டில் சிறு அலகு ஒன்று தந்தியைச் சுண்டுகிறது. எவ்வளவு வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே ஹார்ப்சிகார்ட் சீரான, மணிமணியான ஓர் அடித்தளத்தைத் தரும். உணர்ச்சியின் ஏற்ற இறக்கங்களைக் குரலும் நரம்பிசைக் கருவிகளுமே ஏற்க வேண்டியிருக்கும். லெஃப்ட் பேங்கின் பாடல்களில் இந்த வேலைப்பங்கீட்டைத் தெளிவாகக் கேட்கலாம்.

தோற்றம்

குழுவின் தொடக்ககால உறுப்பினர்கள் டாம் ஃபின், ஜார்ஜ் கேமரன், ஸ்டீவ் மார்ட்டின் காரோ, மைக்கேல் பிரவுன் முதலியோர் ஆவர். தலைமைப் பாடகரான காரோ எசுப்பானியத்தின் மத்ரித் நகரில் பிறந்தவர். அக்காலத்தில் ஸ்டீவ் மார்ட்டின் என்ற பெயரில் பாடினார். பின்னாளில் அதே பெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் வேறொருவர்.

பெரும்பாலான புகழ்பெற்ற பாடல்களை இயற்றிய மைக்கேல் பிரவுனின் இயற்பெயர் மைக்கேல் லுகாஃப்ஸ்கி. இவர் 1949 ஏப்ரல் 25 அன்று புரூக்ளினில் பிறந்தார். இவருடைய தந்தை ஹாரி லுகாஃப்ஸ்கி, அர்தூரோ தொசுக்கானினி நடத்திய என்.பி.சி. சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். ஜாஸ் இசையிலும் தேர்ந்த இவர் 1959 இல் "ஸ்ட்ரிங்க்ஸ்வில்" என்ற ஜாஸ் வயலின் தொகுப்பை வெளியிட்டார். மன்காட்டனில் "வேர்ல்டு யுனைடெட்" என்ற ஒலிப்பதிவுக்கூடத்தையும் நடத்தி வந்தார்.

இப்பின்னணி குழுவின் வரலாற்றில் முதன்மையானது. அக்காலத்தில் ஓர் இளைஞர் குழு ஒலிப்பதிவுக்கூடத்தில் சில மணி நேரம் பெறுவதே அரிது. வயலின் கலைஞர்களை அமர்த்தும் செலவோ அவர்களால் எண்ணிப் பார்க்க இயலாதது. லெஃப்ட் பேங்கிற்கு ஒலிப்பதிவுக்கூடம், ஹார்ப்சிகார்ட், செவ்வியல் பயிற்சி பெற்ற வயலின் கலைஞர் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து கிடைத்தன. ஹாரி லுகாஃப்ஸ்கி குழுவின் மேலாளராகவும் தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும் செயல்பட்டார். குழுவின் ஒலியை உருவாக்கிய இவ்வேற்பாடே பின்னர் அதன் பிளவுக்கும் வழிவகுத்தது.

வாக் அவே ரெனே

"வாக் அவே ரெனே" 1966 இன் தொடக்கத்தில் வேர்ல்டு யுனைடெட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. அப்போது பிரவுனுக்கு வயது 16. பிரவுன், பாப் கலில்லி, டோனி சான்சோன் ஆகிய மூவரும் இதன் ஆசிரியர்களாகக் குறிக்கப்படுகின்றனர். பல நிறுவனங்கள் இப்பதிவை ஏற்க மறுத்தன. பின்னர் மெர்க்குரி நிறுவனத்தின் துணை நிறுவனமான ஸ்மாஷ் ரெக்கார்ட்சு 1966 ஜூலையில் இதனை வெளியிட்டது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் இது பில்போர்டு ஹாட் 100 வரிசையில் 5 ஆம் இடத்தை எட்டியது.

பாடலின் தோற்றம் குறித்து இருவேறு கூற்றுகள் உள்ளன. டாம் ஃபின்னின் தோழியாக இருந்த ரெனே என்ற பெண்ணிடம் தாம் கொண்ட சொல்லப்படாத காதலே பாடலாயிற்று என்பது பிரவுனின் கூற்று. ஹார்ப்சிகார்ட் பகுதியைப் பதிவு செய்தபோது அப்பெண் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்ததால் தம் கைகள் நடுங்கின என்றும், பின்னர் தனியே வந்து அப்பகுதியைப் பதிவு செய்ததாகவும் அவர் கூறியுள்ளார். வரிகளைத் தாமே எழுதியதாகவும், பீட்டில்சு குழு "மிஷேல்" என்ற பெயரைப் பயன்படுத்தியதால் தாமும் பிரெஞ்சுப் பெயர் ஒன்றைத் தேர்ந்ததாகவும் சான்சோன் தெரிவித்துள்ளார்.

இப்பாடலின் அமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, அடித்தளச் சுரங்களின் இறக்கம். சரணத்தில் குரல் மேலே செல்லும்போதும் கீழே ஒலிக்கும் பாஸ் சுரம் அரைச்சுர அளவில் படிப்படியாக இறங்கிக்கொண்டே வருகிறது. பரோக் கால இசையில் துயரத்தைக் குறிக்க இதை ஒத்த இறக்கம் பயன்பட்டது. பர்செலின் "டைடோவும் ஈனியாசும்" என்ற இசைநாடகத்தில் டைடோ பாடும் புலம்பல் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவது, இடையிசை. அக்காலத்துப் பாப் பாடல்களில் இடையிசை பெரும்பாலும் மின்கித்தாருக்கே உரியது. இங்கு அவ்விடத்தில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் "கலிபோர்னியா டிரீமிங்" பாடலில் வரும் புல்லாங்குழலே இதற்குத் தூண்டுதல் எனக் கூறப்படுகிறது.

மூன்றாவது, குரல். காரோவின் குரல் உயர்ந்த சுருதியிலும் இறுக்கமின்றி, சற்று மூச்சுக்காற்று கலந்து ஒலிக்கும். கைவிடப்பட்டவனின் பாடலாக இருந்தும் இதில் கதறல் இல்லை. கருவிகளின் ஒழுங்கும் குரலின் அடக்கமும் சேர்ந்தே துயரத்தை உணர்த்துகின்றன.

பிரிட்டி பாலரீனா

இரண்டாவது தனிப்பாடல் தட்டான "பிரிட்டி பாலரீனா" 1966 டிசம்பரில் வெளிவந்து, 1967 இன் தொடக்கத்தில் பில்போர்டு வரிசையில் 15 ஆம் இடத்தைப் பெற்றது. பியானோவும் நரம்பிசையும் இதனைத் தாங்கிச் செல்ல, இடையில் ஓபோ ஒலிக்கிறது.

1967 ஏப்ரல் 25 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் "இன்சைட் பாப்: தி ராக் ரெவல்யூஷன்" என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. இதில் இசையமைப்பாளரும் இசைநடத்துநருமான லெனார்டு பெர்ன்ஸ்டைன், புதிய பாப் இசையில் தம்மைக் கவர்ந்த கூறுகளைப் பியானோவில் வாசித்து விளக்கினார். "பிரிட்டி பாலரீனா"வின் மெட்டு வழக்கமான மேஜர், மைனர் அளவுகளில் அமையாமல், லிடியன், மிக்சோலிடியன் என்னும் இரு பழைய சுர முறைகளின் கலவையாக அமைந்திருப்பதை அவர் சுட்டிக் காட்டினார்.

கருநாடக இசை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். லிடியன் முறையின் சுரங்கள் 65 ஆவது மேளமான மேசகல்யாணியின் சுரங்களோடு ஒத்தவை. அதில் வருவது பிரதி மத்திமம். மிக்சோலிடியன் முறை 28 ஆவது மேளமான அரிகாம்போதியோடு ஒத்தது. அதில் வருவது கைசிகி நிஷாதம். முன்னதன் மத்திமத்தையும் பின்னதன் நிஷாதத்தையும் ஒன்றாக இணைத்தால் 64 ஆவது மேளமான வாசஸ்பதியின் சுரவரிசை கிடைக்கும். இவ்வொப்புமை சுரத்தானங்கள் பற்றியது மட்டுமே. கமகம், சஞ்சாரம் முதலிய இராக இலக்கணங்கள் இங்குப் பொருந்தா.

அந்நிகழ்ச்சி ஒளிபரப்பான நாள் பிரவுனின் 18 ஆவது பிறந்தநாள் ஆகும். செவ்வியல் இசையுலகின் முன்னணிக் கலைஞர் ஒருவர் அவருடைய மெட்டை நாடெங்கும் எடுத்துரைத்த அந்நாட்களில் குழு உடைந்துகொண்டிருந்தது.

முதல் இசைத்தொகுப்பு

இரு வெற்றிப்பாடல்களின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு 1967 பிப்ரவரியில் வெளிவந்தது. இதில் 11 பாடல்கள் உள்ளன. "ஷி மே கால் யூ அப் டுநைட்", "ஷேடோஸ் பிரேக்கிங் ஓவர் மை ஹெட்", "பார்ட்டரர்ஸ் அண்ட் தேர் வைவ்ஸ்" ஆகியன இக்குழுவின் தனித்தன்மையை நன்கு காட்டுபவை. "லேசி டே" போன்றவை கரடுமுரடான மின்கித்தார் ஒலி கொண்டவை. குழு ஒரே வாய்பாட்டில் அடங்கிவிடவில்லை என்பதை இவை காட்டுகின்றன.

ஒலிப்பதிவுகளில் கருவியிசையின் பெரும்பகுதியை ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களே வாசித்தனர். காரோ, கேமரன், ஃபின் ஆகிய மூவரின் கூட்டுக்குரலே குழுவின் முதன்மைப் பங்களிப்பாக இருந்தது.

பிளவும் கலைவும்

குழுவின் பாடல்களை இயற்றியவர் பிரவுன். மேலாளரும் தயாரிப்பாளரும் அவருடைய தந்தை. வானொலியில் கேட்ட குரல்களோ மற்றவர்களுடையவை. குழுவின் பெயர் யாருக்கு உரியது என்ற வினா 1967 இல் வெளிப்படையான பூசலாயிற்று.

பிரவுன் வேறு கலைஞர்களைக் கொண்டு "ஐவி, ஐவி", "அண்ட் சடன்லி" என்ற இரு பாடல்களைப் பதிவு செய்து, லெஃப்ட் பேங்க் என்ற பெயரிலேயே வெளியிட்டார். இவற்றில் தலைமைக் குரல் பெர்ட் சோமர் உடையது. கித்தார் கலைஞராக மைக்கேல் மெக்கீன் இருந்தார். மற்ற உறுப்பினர்கள் வழக்கறிஞரை நாடியதோடு, இத்தட்டைப் புறக்கணிக்குமாறு இரசிகர்களையும் கேட்டுக்கொண்டனர். குழப்பத்தைக் கண்ட வானொலி நிலையங்கள் ஒதுங்கின. ஸ்மாஷ் நிறுவனமும் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. தட்டு ஹாட் 100 வரிசைக்குள் நுழையவில்லை. இதே "அண்ட் சடன்லி" பாடலைச் செர்ரி பீப்பிள் என்ற வேறொரு குழு 1968 இல் பாடி 45 ஆம் இடத்தைப் பெற்றது. பாடல் தோற்றதற்குப் பாடல் காரணமன்று என்பதை இது உணர்த்துகிறது.

1967 இன் பிற்பகுதியில் இரு தரப்பினரும் மீண்டும் இணைந்து "டெசிரே" என்ற பாடலை வெளியிட்டனர். விரிவான கருவியமைப்புக் கொண்ட இப்பாடல் 98 ஆம் இடத்தை மட்டுமே எட்டியது. பூசலால் இழந்த நம்பிக்கையை வானொலி நிலையங்களிடம் குழுவால் மீட்க முடியவில்லை. பிரவுன் குழுவை விட்டு விலகினார்.

மற்ற மூவரும் "தி லெஃப்ட் பேங்க் டூ" என்ற இரண்டாவது தொகுப்பை 1968 நவம்பரில் வெளியிட்டனர். இதன் 10 பாடல்களுள் "டெசிரே" உள்ளிட்ட சில, பிரவுன் இருந்த காலத்தில் பதிவானவை. பிற்காலத்தில் ஏரோஸ்மித் குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற ஸ்டீவன் டைலர், தம் இயற்பெயரான ஸ்டீவன் டாலரிக்கோ என்ற பெயரில் இத்தொகுப்பில் துணைக்குரல் பாடியுள்ளார். தொகுப்பு விற்பனையில் வெற்றி பெறவில்லை. 1969 இல் குழு கலைந்தது.

மரபும் தாக்கமும்

பிறர் பாடிய வடிவங்கள்

லெஃப்ட் பேங்கின் இசை முதலில் பரவியது பிறருடைய குரல்களின் வழியாகவே. ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் தயாரிப்பில் மோட்டவுன் நிறுவனத்தின் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய "வாக் அவே ரெனே" 1968 இல் அமெரிக்காவில் 14 ஆம் இடத்தையும் ஐக்கிய இராச்சியத்தில் 3 ஆம் இடத்தையும் பெற்றது. காரோ அடக்கிப் பாடிய இடங்களில் லெவி ஸ்டப்ஸ் உரத்து முறையிடுகிறார். ஒரே மெட்டு இருவேறு உணர்ச்சி முறைகளுக்கு இடமளித்ததை இவ்விரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு உணரலாம்.

இப்பாடலின் பிற குறிப்பிடத்தக்க வடிவங்கள்:

- ரிக்கி லீ ஜோன்ஸ் (1983)
- சவுத்சைடு ஜானி அண்ட் தி ஆஸ்பரி ஜூக்ஸ் (1986)
- பில்லி பிராக் (1986): ஜானி மார் கித்தாரில் மெட்டை இசைக்க, பிராக் அதன்மேல் தம் சொந்த உரைநடையைப் பேசுகிறார்
- லிண்டா ரான்ஸ்டாட், ஆன் சவாய் (2006)

மாத்யூ ஸ்வீட், சுசானா ஹாஃப்ஸ் ஆகியோர் 2006 இல் "ஷி மே கால் யூ அப் டுநைட்" பாடலையும், ஈல்ஸ் குழு அதே ஆண்டு வெளிவந்த தன் நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில் "பிரிட்டி பாலரீனா"வையும் பாடியுள்ளனர். ரோலிங் ஸ்டோன் இதழ் 2004 இல் வெளியிட்ட 500 மிகச்சிறந்த பாடல்களின் பட்டியலில் "வாக் அவே ரெனே" இடம்பெற்றது.

பிற்கால இசைவகைகள்

1990களில் பெல் அண்ட் செபாஸ்டியன், தி டிவைன் காமெடி, தி ஹை லாமாஸ் முதலிய குழுக்கள் நரம்பிசையும் காற்றிசையும் கலந்த மெல்லிய பாப் இசையை மீண்டும் கொணர்ந்தன. சேம்பர் பாப் எனப்படும் இவ்வகையின் முன்னோடிகளாகப் பீச் பாய்சு, ஜோம்பீஸ் ஆகிய குழுக்களோடு லெஃப்ட் பேங்கையும் திறனாய்வாளர்கள் குறிப்பிடுவதுண்டு.

மறுவெளியீடுகள்

குழுவின் இரு தொகுப்புகளும் நீண்ட காலம் கடைகளில் கிடைக்கவில்லை. 1992 இல் மெர்க்குரி நிறுவனம் 1966 முதல் 1969 வரையான பதிவுகளைத் தொகுத்து "தேர்ஸ் கானா பி எ ஸ்டார்ம்" என்ற பெயரில் குறுவட்டாக வெளியிட்டது. 2011 இல் சன்டேஸ்டு நிறுவனம் இரு தொகுப்புகளையும் தனித்தனியே மறுவெளியீடு செய்தது. இரு வெற்றிப்பாடல்களைத் தாண்டி மற்றப் பாடல்களையும் புதிய தலைமுறையினர் கேட்க இவ்வெளியீடுகள் உதவின.

உறுப்பினர்களின் பிற்காலம்

பிரவுன் 1969 இல் மான்டேஜ் என்ற குழுவின் தொகுப்புக்குப் பாடல்கள் இயற்றினார். பின்னர் ஸ்டோரீஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். அக்குழுவின் "பிரதர் லூயி" 1973 இல் முதலிடம் பெறுவதற்கு முன்பே அவர் அதிலிருந்து விலகிவிட்டார். 1976 இல் தி பெக்கீஸ் என்ற குழுவுடன் ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஒவ்வொரு குழுவிலும் ஒன்றிரண்டு தொகுப்புகளுக்கு மேல் அவர் நீடிக்கவில்லை.

காரோ, ஃபின், கேமரன் ஆகியோர் 1978 இல் பிரவுன் இன்றி மீண்டும் இணைந்து செய்த பதிவுகள், 1986 இல் "ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்" என்ற பெயரில் வெளிவந்தன. 2011 இல் ஃபின், கேமரன் ஆகியோர் குழுவைப் புதுப்பித்து நியூயார்க்கில் மேடையேறினர். 1960களில் மேடையில் முழுமையாக ஒலிக்க இயலாத நரம்பிசைப் பகுதிகள் இந்நிகழ்ச்சிகளில் இசைக்கப்பட்டன.

பெயர் பற்றிய பூசலில் பிரவுனுக்குத் துணைநின்ற இளைஞர்களும் பின்னர் அறியப்பட்டனர். பெர்ட் சோமர் 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் பாடினார். மைக்கேல் மெக்கீன் நடிகரானார். கற்பனை இசைக்குழு ஒன்றை எள்ளி நகையாடும் "திஸ் இஸ் ஸ்பைனல் டாப்" (1984) திரைப்படத்தின் முதன்மை நடிகர்களுள் இவரும் ஒருவர்.

மைக்கேல் பிரவுன் 2015 மார்ச்சு 19 அன்றும், ஜார்ஜ் கேமரன் 2018 ஜூனிலும், ஸ்டீவ் மார்ட்டின் காரோ 2020 ஜனவரியிலும், டாம் ஃபின் 2020 ஜூனிலும் காலமாயினர்.

மதிப்பீடு

குறுகிய காலமே இயங்கிய பிற குழுக்களைப் போல லெஃப்ட் பேங்கையும் "ஒரு பாடல் குழு" என ஒதுக்குவது எளிது. ஆனால் அதன் மரபு ஒரு பாடலோடு நிற்கவில்லை. செவ்வியல் கருவிகளை அழகுப்பொருளாக ஒட்டிவைக்காமல், மெட்டு, பாஸ், குரல் ஆகிய மூன்றோடும் பின்னிப் பாடலின் உடலாகவே ஆக்கலாம் என்பதை இக்குழு காட்டியது.

அதே வேளையில், இசையை எழுதியவர், பாடியவர், வாசித்தவர், நிருவகித்தவர் என நான்கு திசைகளில் பிரிந்திருந்த ஒரு குழுவில் பெயரின் உரிமை யாரைச் சேரும் என்பதற்கு விடை காணப்படவில்லை. பிரவுனின் மெட்டின்றி மற்றவர்களாலும், அவர்களுடைய கூட்டுக்குரலின்றிப் பிரவுனாலும் 1966 இன் வெற்றியை மீண்டும் பெற இயலவில்லை. இரு தரப்பினரும் ஒரே ஒலிப்பதிவுக்கூடத்தில் இணைந்திருந்த மிகச் சில மாதங்களின் விளைவே இன்றும் கேட்கப்படும் பாடல்களுள் பெரும்பாலானவை.

இசைத்தொகுப்புகள்

- வாக் அவே ரெனே/பிரிட்டி பாலரீனா (1967)
- தி லெஃப்ட் பேங்க் டூ (1968)
- ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன் (பதிவு 1978, வெளியீடு 1986)

இவற்றையும் பார்க்க

- பரோக் இசை
- ஹார்ப்சிகார்ட்
- லெனார்டு பெர்ன்ஸ்டைன்
- மேளகர்த்தா இராகங்கள்